‘சிஸ்டம் முடக்கியது’ என்றால் யார் முடக்கியது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து தினமும் பாலக்காடு டவுனுக்கு வந்து இரண்டரை வருடமாக உணவு டெலிவரி ஓட்டுகிறேன். போன மாதம் ஒரு ஆர்டருக்கு ஓட்டலிலேயே 25 நிமிடம் நிற்க வேண்டியதாயிற்று. வாடிக்கையாளர் போட்ட லொகேஷன் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம், வீடோ அந்தப் பக்கம். போன் பண்ணி வழி கேட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். ஆனால் ‘சாப்பாடு வரவில்லை’ என்று புகார் போயிருக்கிறது. மறுநாள் காலை ஐடி பிளாக். சாட்டில் கேட்டால் ‘சிஸ்டம் எடுத்த முடிவு’ என்ற ஒரே பதில்தான். வாரச் சம்பளமும் நின்றுவிட்டது. கேஷ் ஆர்டர் பணம் 2,340 ரூபாய் என் கையில் இருக்கிறது, அதைச் சம்பளத்துக்கு ஈடாக வைத்துக்கொள்ளலாமா? பிரச்சினை என்றால் பெங்களூரில், கம்பெனி நியமிக்கும் நடுவரிடம் போக வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது. எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது சார்.

பதில்: தம்பி, முதலில் அந்த 2,340 ரூபாயைக் கட்டிவிடுங்கள். இன்றைக்கே. அவர்கள் உங்களுக்குத் தர வேண்டியது சிவில் பாக்கி. வாடிக்கையாளரிடம் அவர்களுக்காக வாங்கிய பணத்தை நீங்கள் வைத்துக்கொண்டால், பாரதிய நியாய சன்ஹிதா 316ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடி என்று உங்கள் மேல் புகார் கொடுக்க இடம் கிடைத்துவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த இடத்தை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஆப்பில் கட்ட முடியவில்லை என்றால், எந்தக் கணக்கில் கட்டுவது என்று மெயிலில் கேளுங்கள். கேட்டதே உங்களுக்குச் சாட்சி.

அடுத்தது உங்கள் போன். கோபத்தில் ஆப்பை அழித்துவிட்டு வருகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். இருந்த ஒரே ஆதாரமும் அதோடு போயிருக்கும். அந்த ஆர்டர் எண், ஓட்டலுக்குப் போய்ச் சேர்ந்த நேரம், சாப்பாடு கைக்கு வந்த நேரம், வாடிக்கையாளருக்குப் பேசிய கால் பதிவு, மேப்பில் பதிவான உங்கள் பாதை, ஐடி முடங்கியதாகக் காட்டும் திரை, சாட் முழுவதும் என எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். கையில் அதே போன் இருந்தால் அந்த வேலை சுலபம். கேட்டுக்கு அப்பால் நின்று நீங்கள் பேசிய அந்த ஒரு கால், வீடு தேடிப் போனீர்கள் என்பதற்கு நல்ல ஆதாரம்.

இனி அந்த ‘சிஸ்டம்’. சட்டத்தின் முன் சிஸ்டம் என்று ஒரு ஆள் கிடையாது. மெஷின் எடுத்த முடிவு, அதை வைத்திருக்கும் கம்பெனியின் முடிவுதான். இத்தாலியில் போலோனியா நீதிமன்றம் 2020 டிசம்பர் 31 அன்று ஒரு டெலிவரி நிறுவனத்துக்கு எதிராக இப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. காய்ச்சலில் வராதவனையும் சும்மா வராதவனையும் ஒன்றாக எண்ணி மதிப்பெண் குறைத்த அல்காரிதம் பாரபட்சமானது என்றது. அந்தத் தீர்ப்பு இங்கே நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் காரணம் பார்க்காமல் கணக்கு மட்டும் பார்த்தார்கள் என்பதுதான் உங்கள் வழக்கும்.

நம் சட்டம் எதுவரை வரும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிக் தொழிலாளி, பிளாட்பாரத் தொழிலாளி என்று அதில் உங்களுக்குப் பெயர் இருக்கிறது. கம்பெனி ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும். அதனால் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இணையதளமான இ-ஷ்ரமில் பதிவை உடனே முடியுங்கள். ஆனால் ஐடி முடக்கத்தைத் தடுக்கும் பிரிவு அதில் இல்லை. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம், காரணத்தை எழுதிக் கொடுத்து 14 நாள் நோட்டீஸ் தராமல் நீக்கக் கூடாது என்கிறது. ஒப்பந்தத்தில் பெங்களூர் என்று இருப்பதால் அந்தச் சட்டம் உங்களுக்கும் வரும் என்று எண்ண வேண்டாம், அது அங்கே ஓட்டுகிறவர்களுக்கானது. வாளையாற்றுக்கு இப்பால் இருக்கும் உங்களுக்கு அது இல்லை என்பதில் எனக்கு ஆழ்ந்த வருத்தம் உண்டு.

பெங்களூர் நிபந்தனையை நீதிமன்றங்கள் பெரும்பாலும் மதிக்கும். நடுவர் விஷயம் வேறு. ஒரு தரப்பு மட்டும் தன்னிஷ்டத்துக்கு நடுவரை நியமிப்பதை உச்ச நீதிமன்றம் 2019இலேயே ஏற்கவில்லை. 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. அதனால் அந்த வரியைப் பார்த்துப் பயந்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயிலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள். என்ன புகார், எந்த ஆதாரத்தில் முடக்கினீர்கள், அதை எந்த மனிதர் சரிபார்த்தார், என் பாக்கி எவ்வளவு என்று கேளுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சித்தூர் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. சமரசத்துக்கு வரும்படி கம்பெனிக்கு நோட்டீஸ் போகும். அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது, ஆனாலும் அந்த நோட்டீசுக்கு சாட் மெஷின் பதில் சொல்ல முடியாது, ஒரு ஆள் சொல்ல வேண்டும். சட்ட உதவி எண் 15100க்குப் பேசினாலும் வழி சொல்வார்கள்.

தொழிலாளர் துறை அலுவலருக்கும் ஒரு மனு கொடுத்து வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்க அரசியல் சாசனம் 350ஆம் பிரிவு உரிமை தருகிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதினால் தமிழிலேயே பதில் தர வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் சொல்கிறது. மலையாளத்தில் எழுதி வா என்று யாராவது திருப்பினால், அதையும் எழுதிக் கேளுங்கள்.

இதற்கிடையில் வருமானத்துக்காக நண்பரின் ஐடியில் ஓட்டாதீர்கள் தம்பி. வண்டி எங்காவது மோதினால் அந்த ஐடியின் விபத்துக் காப்பீட்டில் உங்கள் பெயர் இருக்காது. அவர் ஐடியும் சேர்ந்து போய்விடும்.