டிப்பர்க்காரர் நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைக்கலாமா?

கேள்வி: பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் என் தம்பியின் மோட்டார் சைக்கிளை டிப்பர் ஒன்று மோதியதில் அவனுடைய கால் எலும்பு முறிந்துவிட்டது. டிப்பர் உரிமையாளர் 75,000 ரூபாய் தருவதாகச் சொல்லி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிய கடதாசியில் கையெழுத்துக் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: கையெழுத்து வைக்காதீர்கள், தங்கை. எலும்பு பொருந்தி, அவன் காலை ஊன்றி, இனி இவ்வளவுதான் தேறும் என்று வைத்தியர் சொல்லும்வரை அந்தக் காயத்தின் கணக்கு உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

எங்கள் அப்பாவையும் இதே வீதியில், விசுவமடுவுக்குக் கிட்ட, ஒரு லொறி தட்டியது. அப்பா மேசன். வலது முழங்கால் போனது. நீதவான் நீதிமன்றத்தில் சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டப்பணம் கட்டினார். வழக்கு முடிந்துவிட்டது, இனிப் பணம் வரும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். தண்டப்பணம் அரசுக்குப் போவது. பாதிக்கப்பட்டவருக்கு ஏதாவது கொடுக்கும்படி நீதவான் கட்டளையிடலாம். ஆனால் முழு நட்டஈட்டை மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்காகத்தான் கேட்க வேண்டும். இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. "காப்புறுதிக் காசு வரட்டும்" என்று லொறி உரிமையாளர் தவணை சொன்னார், நாங்களும் காத்திருந்தோம். மூன்றாவது வருடம் சட்டத்தரணியிடம் போனபோது அவர் விபத்துத் திகதியைப் பார்த்துவிட்டுக் கோவையை மூடி வைத்தார். இப்படியான நட்டஈட்டு வழக்கை விபத்து நடந்த நாளிலிருந்து 2 வருடங்களுக்குள் தொடுத்துவிட வேண்டும். காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அப்பா முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஆகவே விபத்துத் திகதியை இன்றைக்கே பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

உங்களைத் தயங்க வைக்கக்கூடிய இன்னொன்றும் இருக்கிறது. டிப்பர் ஓட்டியவனும் எங்களைப் போல ஒரு ஏழை வீட்டுப் பிள்ளையாக இருப்பான். அவனுடைய சோற்றில் கை வைப்பதா என்று உங்கள் அம்மா கேட்பார். எங்கள் அம்மாவும் கேட்டார். அந்த இரக்கம் நல்லதுதான். ஆனால் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். வழியில் போகிறவருக்கு வரும் காயத்துக்காகவே அது எடுக்கப்படுகிறது. நீங்கள் வென்றால், பணம் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனத்திடமிருந்துதான் வரும். அதற்காகத்தான் வழக்கைப் பற்றி அந்த நிறுவனத்துக்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்க வேண்டும். தவறினால் அது தப்பித்துக்கொள்ள வழி கிடைக்கும். டிப்பரின் இலக்கத்தையும் காப்புறுதிப் பத்திர விவரத்தையும் பொலிஸ் பதிவிலிருந்து எடுத்து வையுங்கள்.

பொலிஸாரிடம் தம்பி கொடுத்த வாக்குமூலத்தின் பிரதியை வாங்கி, எந்த மொழியில் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. தமிழிலேயே எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அப்பாவின் வாக்குமூலம் சிங்களத்தில் இருந்தது. வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்தது அப்பாதான் என்பது போன்ற ஒரு வரி அதில் இருந்ததை, மாதங்கள் கழிந்து ஒரு ஆசிரியர் வாசித்துச் சொன்ன பிறகே அறிந்தோம். விளங்காத தாளில் கையெழுத்து வேண்டாம்.

தம்பி சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டப்பட்டானா? பொலிஸார் தரும் படிவத்தோடு போய்க் காயத்தைப் பதிவு செய்ய வேண்டும். கிளினிக் கொப்பி, எக்ஸ்ரே, வெளியில் வாங்கிய மருந்துப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போடுங்கள். அரச வைத்தியசாலை இலவசம்தான். ஆனால் கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினால் வான் வாடகை, துணைக்கு நிற்பவரின் சாப்பாடு, அவர் இழந்த நாட்கூலி எல்லாம் செலவுதான். எழுதி வைக்காத செலவை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பெரும்பாடு. தம்பி கூலி வேலை செய்பவனாக இருந்தால் சம்பளச் சிட்டை இருக்காது. வேலை கொடுத்தவரிடம் நாட்கூலி எவ்வளவு என்று ஒரு கடிதமும் கிராம அலுவலரிடம் தொழிலை உறுதிப்படுத்தும் கடிதமும் வாங்குங்கள். இதுவரை போன வருமானத்தோடு, இனிமேல் உழைக்க முடியாமல் போவதையும், பட்ட வேதனையையும் சேர்த்துத்தான் நட்டஈடு கேட்கலாம்.

தம்பி பக்கமும் தவறு இருந்தது என்று அவர்கள் பயமுறுத்தக்கூடும். கொஞ்சம் தவறு இருந்தாலும் வழக்கு முழுதாக விழுந்துவிடாது. 1968ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் சட்டம் அந்தப் பங்கின் அளவுக்குத் தொகையைக் குறைக்கிறது, அவ்வளவுதான். பின்னால் யாராவது அமர்ந்து வந்திருந்தால் அவரும் தனியாகக் கோரலாம்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்குப் பேச 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது அது. உரிமையாளர் இப்போதைக்கு மருந்துச் செலவுக்கு ஏதாவது தர விரும்பினால், அது முழுத் தீர்வு அல்ல, செலவுக்கு மட்டும் என்று தமிழில் எழுதி, சட்டத்தரணி பார்த்த பிறகு வாங்குங்கள். அப்படி எழுத அவர் சம்மதிக்காவிட்டால் அந்தப் பணத்தைத் தொடவே வேண்டாம்.