நடைப்பயிற்சியின்போது ஒருவர் சுருண்டு விழுந்தால் என்ன செய்வது?

பெங்களூரு லால்பாக்கில் அப்பாவோடு காலையில் நடக்கிறீர்கள். நீட்சிப் பயிற்சியை எப்போது செய்வது, அங்கே யாராவது சுருண்டு விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: வந்ததும் வராததுமாகப் பெஞ்சில் காலைத் தூக்கிவைத்து இழுக்க வேண்டாம். ஐந்து பத்து நிமிடம் மெதுவாக நடந்து உடம்பு சூடேறட்டும். நீட்சியை நடந்து முடித்தபின் செய்யலாம். ஒவ்வொன்றும் 15 முதல் 30 விநாடி, குலுக்காமல்.

இரண்டாவதுதான் கனமான கேள்வி. ஆள் விழுந்தால் ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார், இன்னொருவர் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார், மூன்றாமவர் தூக்கி உட்காரவைப்பார். கன்னடக்காரர், தமிழர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. மூன்றும் தவறு. சாவி வலிப்புக்கே உதவாது. நினைவில்லாதவருக்கு ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகலாம்.

தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். அசைவில்லையென்றால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்கு மேல் வேண்டாம். பலரும் ஏமாறுவது இங்கேதான். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் சிலருக்கு வாய் பிளந்து, விட்டுவிட்டுக் குறட்டைபோல ஓர் இழுப்பு வரும். 'மூச்சு இருக்கிறது, வெறும் மயக்கம்தான்' என்று கூட்டம் ஆறுதலடையும். அதை மூச்சுக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

அசைவும் சரியான மூச்சும் இல்லையென்றால், கெட்டியான தரையில் மல்லாக்கக் கிடத்தி, நடு நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். மறு கையை அதன்மேல் கோத்து, முழங்கையை மடக்காமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. இறங்க வேண்டும், 6-ஐத் தாண்டக் கூடாது. எங்கள் குடியிருப்பில் நடந்த பயிற்சியில் பொம்மையை அழுத்திப் பார்த்தபோதுதான் அந்த 5 செ.மீ. எவ்வளவு பலம் கேட்கிறது என்பது புரிந்தது. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ வேண்டும். இல்லையென்றால் இதயத்துக்குள் ரத்தம் சரியாகத் திரும்பாது. விலா எலும்பு முறியலாம்தான், முறிந்தால் சேர்ந்துகொள்ளும். பயிற்சியில்லாதவர் வாயோடு வாய் வைத்து ஊத வேண்டியதில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றிக்கொள்ளுங்கள்.

அழுத்தத் தொடங்கும்போதே, 'நீலச் சட்டை போட்டவரே, நீங்கள் 108-ஐ அழையுங்கள்' என்று ஆளைச் சுட்டிச் சொல்லுங்கள். பொதுவாகச் சொன்னால் யாரும் அழைக்க மாட்டார்கள். லால்பாக்கிற்கு நான்கு வாசல்கள். நீங்கள் மேற்கு வாசலருகே இருக்க, ஆம்புலன்ஸ் சித்தாபுரா வாசல் பக்கம் போய் நிற்கக் கூடாது. வாசல் பெயரைச் சொல்லி, அங்கே ஓர் ஆளையும் நிறுத்துங்கள்.