எத்தனை டேங்க்? அப்துல் ஹமீது பத்தி ஒரு கடிதம்

வணக்கம் சார்,

ஸ்கூல் விழாவுல நாட்டோட உச்ச ராணுவ விருதான பரம்வீர் சக்ரா வாங்குன அப்துல் ஹமீது பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. ஒரு இடத்துல ஏழு டேங்க்னு இருக்கு, இன்னொரு இடத்துல எட்டு. விருதுக் குறிப்பைப் படிச்சா ரெண்டு டேங்க்கை அழிச்சாரு, அடுத்ததைச் சுடும்போது அடிபட்டாருன்னுதான் இருக்கு. மத்ததெல்லாம் ஏத்திச் சொன்னதா? மனசு கஷ்டமா இருக்கு.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கஷ்டப்படாதீங்க. அந்தக் குறிப்பு பாகிஸ்தானோட நடந்த போர்ல 1965 செப்டம்பர் 10 காலைல நடந்ததை மட்டும் சொல்றது. பஞ்சாப்ல கேம்கரன் பக்கம் அசல் உத்தர்ங்கிற ஊர்ல சண்டை 8ஆம் தேதியே ஆரம்பிச்சிருச்சு, மொத்தக் கணக்கு ஆளுக்கு ஒண்ணா வர்றது அதனாலதான். எனக்கு அந்த ரெண்டே போதும்.

ஏன்னா அவர்கிட்ட இருந்தது ஜீப்புல மாட்டுன 106 மி.மீ. ஆர்.சி.எல். கன், அதாவது பின்னுதைப்பு இல்லாத (ரீகாயில்லெஸ்) பீரங்கி. சுடும்போது கேஸ் பின்பக்கமா பீறிட்டு வெளிய போயிரும், அதனால உதைப்பு இல்ல, ஜீப்பே தாங்கும், ஆனா அதே கேஸ் நெருப்பும் புழுதியுமா கெளம்பி நீங்க இருக்கிற இடத்தை எதிரிக்குக் காட்டிக் குடுத்துரும். ஒரு ரவுண்டு போட்டா உடனே இடம் மாத்தியாகணும். எதிர்ல வந்தது 40 டன்னுக்கு மேல எடை உள்ள பாகிஸ்தானோட பாட்டன் டேங்க், இவரு உக்காந்திருந்தது தொறந்த ஜீப், மறைவுக்குக் கரும்புக்காடு, அவ்ளோதான்.

முன்னாடி வந்த டேங்க்கை அடிச்சாரு, சட்டுனு வண்டியை நகத்தி ரெண்டாவதையும் எரிய விட்டாரு. அதுக்குள்ள அவங்க பாத்துட்டாங்க, மெஷின்கன்னும் ஷெல்லும் மொத்தமா ஜீப் மேல திரும்புது, அப்பவும் மூணாவது டேங்க் மேல சுட்டுக்கிட்டே இருந்திருக்காரு. படிக்கிறப்பல்லாம் நான் அந்த இடத்துல நின்னுருவேங்க. முதல் ரவுண்டு போடும்போது அவரு எங்க இருக்காருன்னு யாருக்கும் தெரியாது. மூணாவது போடும்போது அத்தனை பேருக்கும் தெரியும், அது அவருக்கும் தெரியும்.

4 கிரெனேடியர்ஸ்ங்கிற காலாட்படைப் பிரிவுல அவரு கம்பெனி குவார்ட்டர்மாஸ்டர் ஹவில்தார், அதாவது கம்பெனியோட சாமான் சப்ளை பாக்குற பதவி. வயசு 32, ஊர் உத்தரப் பிரதேசம் காஜிபூர் மாவட்டத்துல தாமுபூர். 1966 குடியரசு தினத்துல அவரோட மனைவி ரசூலன் பீபி கையிலதான் ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் பதக்கத்தைக் குடுத்தாரு. இதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க.

விழாவுல குறிப்புல உள்ள எண்ணிக்கையைச் சொன்னாலே போதும். நேரம் இருந்தா அந்த கன் எப்படி வேலை செய்யுதுன்னு போர்டுல ஒரு படம் போட்டுக் காட்டுங்க, புழுதி எந்தப் பக்கம் கெளம்பும்னு. அப்புறம் ஜீப்பை நகத்துன கதையை ஆரம்பிங்க.