அப்துல்மனாப் போட்ட சட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கூண்டுச்சண்டையில் சாம்பியனாக இருந்த ரஷ்ய வீரர் கபீப் நுர்மகமெதோவின் தந்தையும் பயிற்சியாளருமான அப்துல்மனாப் பற்றிச் சமீபத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், மார்க்கத்தையும் மல்யுத்தத்தையும் ஒரே வீட்டில் வைத்திருந்தவர் என்று. அந்த வரி எனக்கு உறுத்துகிறது. நான் மேலப்பாளையத்துக்காரன், ஐந்து வேளை தொழுகிறவன். என் அக்கா மகன் கபீப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த எம்.எம்.ஏ. என்ற அந்தக் கூண்டுச்சண்டையைக் கற்றே தீருவேன் என்று நிற்கிறான். வேண்டாம் என்றால், “கபீப் ஜெயிச்சதும் சஜ்தா செய்றாரே மாமா” என்கிறான். ஒருவன் முகத்தில் குத்தி ரத்தம் வரவைத்துவிட்டு அதே தரையில் நெற்றியை வைப்பதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? அவருடைய வாப்பா இதை எப்படி ஏற்றுக்கொண்டார்? மகன் ஜெயித்ததால்தானே அவரையும் பெரிய ஆசானாக்கிவிட்டார்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

முகத்தைப் பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. சண்டை வந்தால் முகத்தில் அடிப்பதைத் தவிருங்கள் என்ற ஹதீஸ், அதாவது நபிமொழி, புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு தொகுப்புகளிலும் இருக்கிறது. உடலுக்கு வரும் சேதத்தைக் காட்டி, மக்காவில் உள்ள ராபிதா என்ற உலக முஸ்லிம் அமைப்பின் ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) சபை 1987-இல் குத்துச்சண்டையை ஹராம் என்று அறிவித்தது. கபீபின் பாணியோ, ஆளைக் கீழே போட்டு மேலே ஏறி உட்கார்ந்து அடிப்பது. அடி முகத்தில்தான் விழும். இதற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை. சஜ்தா செய்துவிட்டால் அதற்கு முன் நடந்தது சரியாகிவிடாது.

ஆனால் அப்துல்மனாப் கூண்டிலிருந்து தொடங்கியவர் அல்ல. 1962-இல், இன்றைய ரஷ்யாவின் தெற்கே உள்ள தாகெஸ்தான் மலையில், அவார் இன மக்கள் வாழும் சில்தி என்ற கிராமத்தில் பிறந்தவர். அப்போது அது சோவியத் நாடு. மல்யுத்தம் அந்த மலைகளில் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே பழகுவது. ஜூடோவும் சாம்போவும் அவருக்குப் பட்டாளத்தில் கிடைத்தன. சாம்போ செஞ்சேனைக்காக வளர்த்தெடுக்கப்பட்ட பிடிச்சண்டை. பள்ளிவாசல்களை மூடிய ஓர் அரசு கற்றுக்கொடுத்த வித்தையை, அந்த அரசு விழுந்த பிறகு, தொழுகிற பையன்களுக்கு இவர் சொல்லிக்கொடுத்தார். எனக்கு இவரிடம் பிடித்த முடிச்சே அதுதான். இரண்டு மாடி வீட்டின் கீழ்த்தளத்தைப் பயிற்சிக்கூடமாக்கியிருந்தார். குடும்பம் மேலே, பாய் விரித்த பயிற்சித்தளம் கீழே. மாணவர்கள் புரள்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கபீபுக்கு ஆசை வந்தது. சிறுவன் கபீபைச் சங்கிலி கட்டிய கரடிக்குட்டியோடு மல்லுக்கட்ட விட்ட வீடியோவை உங்கள் மருமகன் கட்டாயம் பார்த்திருப்பான். உலகமே ரசித்தது. எனக்கு அது அறவே பிடிக்கவில்லை, அந்தக் கரடிக்காகவும்தான்.

2000-க்குப் பிறகு தாகெஸ்தானில் இளைஞர்கள் ஆயுதக் குழுக்களில் சேருவது அன்றாடச் செய்தியானது. “காட்டுக்குப் போய்விட்டான்” என்பார்கள் அங்கே. போனவனைப் போலீஸ் தேடும், வீட்டில் இருப்பவர்களுக்கும் நிம்மதி இருக்காது. பையன்கள் அந்தப் பக்கம் போகாமலிருக்க விளையாட்டு உதவும் என்பதை அப்துல்மனாப் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்தார். காட்டுக்குக் கூப்பிட்டவர்களும் மார்க்கத்தின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அதனால் வெறும் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கிறவரின் பேச்சு அங்கே எடுபட்டிருக்காது என்று நினைக்கிறேன். தானும் தொழுகிறவர், பையனின் அப்பாவுக்கும் தெரிந்தவர் என்பதால் எடுபட்டது.

சரி, ஏற்றுக்கொண்டது எப்படி என்று கேட்டீர்கள். 2018 அக்டோபர் 6, லாஸ் வேகாஸ். கபீபும் அயர்லாந்து வீரர் கானர் மெக்ரிகரும் மோதிய நாள். அதற்கு முன்பே மெக்ரிகர் கபீபின் அப்பாவை இழுத்து, ஊரை இழுத்து, மேடையில் விஸ்கியை நீட்டிக் குடிக்கச் சொல்லிக் கேலி செய்திருந்தார். நான்காவது சுற்றில் கழுத்துப்பிடியில் மெக்ரிகர் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டும். கபீப் கூண்டை ஏறிக் குதித்து, மெக்ரிகரின் கூட்டாளி மீது பாய்ந்தார். அரங்கமே கைகலப்பானது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் விளையாட்டு ஆணையம் பிறகு கபீபுக்கு 9 மாதத் தடையும் 5 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

அப்பா என்ன செய்தார்? மார்க்கத்தை இழிவுபடுத்தினார்கள், மகன் பொங்கிவிட்டான் என்று சொல்லியிருந்தால் உலகத்தில் பாதி முஸ்லிம்கள் கை தட்டியிருப்பார்கள். அவர் ஊடகங்களிடம் சொன்னது வேறு: கூண்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய், வெளியே வந்தால் ஒழுங்கு முக்கியம்; அவர்கள் தருவதைவிடக் கடுமையான தண்டனையை நான் தருவேன். சில நாளில் ரஷ்யாவின் உல்யானோவ்ஸ்க் நகரில் அப்பா, மகன் இருவரையும் அதிபர் புதின் சந்தித்தார். கபீபிடம், முக்கியமான வேலையை முடித்துவிட்டாய், அதனால் ரொம்பக் கண்டிக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் கேட்டுக்கொள்கிறேன் என்றார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நாட்டின் அதிபருக்கு வெற்றி போதும். ஆசானுக்குப் போதவில்லை. ஆளைச் சாய்ப்பவன் வலியவன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வலியவன் என்ற ஹதீஸை மேற்கோள் காட்டுகிற மல்யுத்த ஆசிரியர்கள் ஏராளம். ஊரே கொண்டாடுகிற நேரத்தில் சொந்த மகன் மேல் அதைச் செலுத்தத் துணிந்தவர் இவர். அவர் பெரிய ஆசான் என்று நான் நினைப்பது இதை வைத்துத்தான்.

மகன் ஜெயித்ததால் வந்த பெயரா என்றால், ஓரளவுக்கு ஆமாம். ஆனால் அமெரிக்க விசா கிடைக்காததால் மகனின் பெரிய சண்டைகள் பலவற்றுக்கு அவரால் போகவே முடியவில்லை. கபீப் சண்டையிட்ட யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. போட்டி அமைப்பில், மகனின் மூலையில் பயிற்சியாளராக அவர் முதன்முதலாக நின்றது 2019 செப்டம்பரில், அபுதாபியில். அடுத்த ஜூலை 3-ஆம் தேதி, கொரோனா தொற்றும் இதயக் கோளாறும் சேர்ந்து, மாஸ்கோவில் இறந்துபோனார். வயது 57. அவரிடம் பயின்ற இஸ்லாம் மகாச்சேவ் 2022-இல் யு.எஃப்.சி. பட்டம் வென்றதைப் பார்க்க அவர் இல்லை.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். கபீபின் அப்பாவே பையன்களுக்கு முதலில் கொடுத்தது பிடிச்சண்டைதான் என்று சொல்லி, அவனை ஜூடோவிலோ மல்யுத்தத்திலோ சேர்த்துவிடுங்கள். இரண்டிலும் முகத்தில் குத்துக்கு இடமே இல்லை. கூண்டைப் பற்றி அப்புறம் உங்கள் ஹஸ்ரத்திடம் அவனே போய்க் கேட்கட்டும். பணம் கட்டுவதற்கு முன் நீங்களும் ஒரு நாள் வகுப்பில் போய் உட்காருங்கள். தெருவில் அடிதடி செய்துவிட்டு வருகிற பையனை அந்த ஆசிரியர் என்ன செய்கிறார் என்று மற்ற பையன்களிடம் விசாரியுங்கள். “சார் கண்டுக்க மாட்டாரு” என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.