பழைய வீட்டுச் சுவரில் ஓதம் இருந்தால் வாங்கலாமா?

கும்பகோணத்தில் எண்பது வருடப் பழைய வீடு, சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு விலை பேசுங்கள்.

அந்தக் காலச் சுவர் பெரும்பாலும் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அடியில் ஈரத்தைத் தடுக்கும் அடுக்கு அநேகமாக இருக்காது. மண்ணின் ஈரம் மேலே ஏறும், சுண்ணாம்புக் காரை அதை வெளியே விட்டுவிடும். பிற்பாடு யாராவது சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு சுவரைவிட்டுக் கழன்றிருக்கிறது. வெள்ளைப் பொடியாகப் பூத்து உதிர்வது உப்பு.

சரி, வெளியே வாருங்கள். சாலையை மேலே மேலே போட்டதில் வீடு பள்ளமாகியிருக்கிறதா? ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? குளியலறைக் குழாய் கசிகிறதா? இவற்றைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. அப்புறம் சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரையே பூசுங்கள். வாட்டர்ப்ரூஃப் பெயிண்டிலேயே முடித்துவிடலாம் என்பவரை நம்பாதீர்கள். முன்பணம் கொடுக்கும் முன் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.