விளையாட்டுக் கேள்வி–பதில்: கோல் விழாத ஒரு சனிக்கிழமை

கேள்வி: ஐயா, கோல் விழாத கால்பந்து ஆட்டத்தையும் ரசிக்கலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பூஜ்யத்துக்குப் பூஜ்யம் என்று முடிந்த ஆட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது? ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.
— ஓர் ஆசிரியை, தென்காசி

பதில்: அம்மா, எனக்கு உடனே நினைவுக்கு வருவது 1950 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், அந்நாளில் இயங்கிவந்த சாத்தம் கடற்படைக் கப்பல் தளத்தை ஒட்டி இருக்கிறது கில்லிங்காம். அந்த ஊர் அணியும் எஸெக்ஸிலிருந்து வந்த கோல்செஸ்டர் யுனைடெட்டும் அன்று மோதின. ஒரு கோல்கூட விழவில்லை. பார்க்க வந்தவர்களோ சுமார் 19,500 பேர்.

ஏன் இத்தனை கூட்டம் என்று கேட்பீர்கள். அன்றைய ஆங்கிலக் கால்பந்து லீகின் கடைசிப் படி மூன்றாம் பிரிவு. அது தெற்கு, வடக்கு என்று இரண்டாக இருந்தது. ஒவ்வொன்றிலும் கடைசி இரண்டு இடங்களில் முடித்த கிளப்புகள், கோடையில் நடக்கும் கூட்டத்தில் லீகில் நீடிக்க மற்ற கிளப்புகளிடம் வாக்குக் கேட்டு நிற்க வேண்டும். 1938-இல் கடைசியாக வந்த கில்லிங்காமுக்கு வாக்கு விழவில்லை. அதன் இடம் இப்ஸ்விச் டவுனுக்குப் போயிற்று. பிறகு போர். போர் முடிந்து, இந்த லீகுக்கு வெளியே இருந்த சதர்ன் லீகில் ஆடி, 1946-47-லும் 1948-49-லும் பட்டம் வென்றும் கதவு திறக்கவில்லை. 1950-இல் இரண்டு பகுதிகளையும் 22 அணிகளிலிருந்து 24 ஆக்கினார்கள். அப்போதுதான் கில்லிங்காம் திரும்பி வந்தது. கோல்செஸ்டர் முதல் முறையாக உள்ளே வந்தது. பன்னிரண்டு ஆண்டு வெளியே நின்றவர்களும், வாழ்நாளில் முதல் முறை உள்ளே வந்தவர்களும் முதல் நாளே எதிரெதிரே! அதே நாளில் வடக்கில் மற்ற இரு புதியவர்களான ஸ்கந்தார்ப்பும் ஷ்ரூஸ்பரியும் மோதினார்கள். அங்கேயும் கோல் இல்லை.

1983-இல் லண்டனில் தங்கை வீட்டில் தங்கியிருந்தபோது, விக்டோரியா நிலையத்தில் ரயிலேறி கில்லிங்காமுக்குப் போனேன். அந்த அணியின் பிரீஸ்ட்ஃபீல்டு மைதானத்தில், பார்வையாளர்களுக்கான கார்டன் ரோடு பக்கத்துப் பழைய மரக் கொட்டகை அப்போதும் இருந்தது. 1899-இல் கப்பல் தளத் தொழிலாளர்கள் ஓய்வு நேரத்தில், பீரும் சிகரெட்டும் கூலியாக வாங்கிக்கொண்டு கட்டிக் கொடுத்தது என்று ஊரில் சொல்வார்கள். பலகையைத் தடவிப் பார்த்தேன். சாயத்தின் மேல் சாயம் ஏறி, ஆணித்தலைகள் கொப்புளம் கொப்புளமாகக் கையில் தட்டுப்பட்டன.

பக்கத்தில் நின்ற பெரியவர் கப்பல் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1950-இல் அந்த முதல் ஆட்டத்துக்கு, காலை வேலையை முடித்து எண்ணெய்க் கறைச் சட்டையோடு அப்படியே வந்தவர். தான் நின்ற படியை விரலால் காட்டினார். கீழிருந்து ஐந்தாவது. ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். கோல்கீப்பர் ஒருமுறை பாய்ந்து விழுந்ததைத் தவிர ஒன்றும் நினைவில்லை என்றார். "கோல் விழவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை" என்றார். நான் இந்த ஆட்டத்தைச் சொல்வதற்குக் காரணம் அவர்தான்.

கேள்வி: அந்தக் காலத்து ஆட்ட அட்டவணைகளில் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் வாரத்துக்கு இரண்டு ஆட்டம். அப்புறம் வெறும் சனிக்கிழமை மட்டும். ஏன் அப்படி?
— ஒரு கல்லூரி மாணவர், மதுரை

பதில்: வெளிச்சம்தான் காரணம், தம்பி. மைதானங்களில் மின்விளக்கு இல்லை. லீக் ஆட்டம் ஒன்று விளக்கொளியில் நடந்ததே 1956 பிப்ரவரியில்தான். இங்கிலாந்தில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் எட்டு மணி வரை வெளிச்சம் இருக்கும். ஆலையில் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக மாலை ஆறரைக்குத் தொடங்கினால், இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். செப்டம்பர் நடுவில் அந்த வாய்ப்பு போய்விடும். ஆகவே கிடைத்த மாலைகளிலெல்லாம் ஆட்டம் வைத்தார்கள். ஒரே எதிரணியை எட்டு நாளுக்குள் அங்கே ஒரு முறையும் இங்கே ஒரு முறையும் சந்திப்பது சாதாரணம்.

வீரர்களின் பாட்டை யோசித்துப் பாருங்கள். கோடை ஓய்வு முடிந்து இறுகிய கால்கள். மழை பட்டால் கனக்கும் தோல் பந்து. மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே 1965 வரை கிடையாது. ஒருவர் காலொடிந்து வெளியேறினால் மீதிப் பத்துப் பேர்தான் ஆடி முடிக்க வேண்டும். இதற்கெல்லாம் 1950-இல் வாரச் சம்பள உச்சவரம்பு 12 பவுண்டு. அடித்தட்டுக் கிளப்புகளில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நியாயம் நடக்கவில்லை என்பதே என் எண்ணம்.

கேள்வி: போருக்குப் பிந்தைய முதல் பருவத்தில் பழைய அட்டவணையையே மறுபடி பயன்படுத்தினார்களாமே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: உண்மை. 1939 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய பருவம், செப்டம்பர் 3-ஆம் தேதி போர் அறிவிக்கப்பட்டதும் நின்றுபோயிற்று. 1946 ஆகஸ்ட் 31-இல் அதே அட்டவணையோடு மறுபடி தொடங்கினார்கள். வேல்ஸைச் சேர்ந்த நியூபோர்ட் கவுன்டியின் கதைதான் எனக்கு வலிக்கிறது. 1939-இல் முதல் முறையாக இரண்டாம் பிரிவுக்கு ஏறிய அணி அது. ஒழுங்காக ஆட ஏழு ஆண்டு காத்திருந்தது. 1946 அக்டோபர் 5-இல் நியூகாசிலில் 13 கோல் வாங்கியது. அதில் ஆறு, நியூகாசிலுக்காக அன்றுதான் முதல் முறை களமிறங்கிய லென் ஷாக்கில்டன் போட்டவை.

கேள்வி: 1950-இல் சேர்ந்த நான்கு அணிகளும் அந்த ஆண்டு பிழைத்தனவா? ஷ்ரூஸ்பரியில் பரிசல் விட்டுப் பந்து எடுப்பார்களாமே, அது நிஜமா?
— ஓர் இல்லத்தரசி, சேலம்

பதில்: நான்கும் பிழைத்தன. கில்லிங்காம்தான் மயிரிழையில் தப்பியது. நவம்பரில் நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் 9-2 என்று தோற்று, முடிவில் 24-இல் 22-ஆவது இடம். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் மறுபடியும் வாக்குக் கேட்டு நின்றிருக்கும். அந்த ஃபாரஸ்ட் 46 ஆட்டத்தில் 110 கோல் போட்டுப் பட்டம் வென்றது. மேலே ஏற ஓர் அணிக்குத்தான் இடம். வடக்கில் நியூ பிரைட்டன் வாக்கிழந்து வெளியேற, வொர்க்கிங்டன் உள்ளே வந்தது.

பரிசல் நிஜம்தான். ஷ்ரூஸ்பரியின் கே மெடோ மைதானம் செவர்ன் ஆற்றின் கரையிலேயே இருந்தது. ஓங்கி உதைத்த பந்து கொட்டகையைத் தாண்டினால் ஆற்றில் விழும். தலைமுறை தலைமுறையாகப் பரிசல் கட்டும் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர், பல ஆண்டுகள் ஆட்ட நாளில் கரையில் காத்திருப்பார். பந்து மிதந்து போவதைக் கண்டதும் பரிசலை இறக்கித் துடுப்புப் போட்டுப் போய் எடுத்து வருவார். பந்துக்கு இவ்வளவு என்று கூலி. 2007-இல் கிளப் வேறு மைதானத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.