தடைக்காலம் முடிகிறது, படகேறலாமா?

கேள்வி: வயது 27. மண்டபத்தில் விசைப்படகில் வேலை. தடைக்காலத்தில் சும்மாதானே இருக்கிறோம் என்று மே 25 அன்று இரண்டு பக்க மார்பு வீக்கத்துக்கும் ஆபரேஷன் செய்துகொண்டேன். கொழுப்பை உறிஞ்சி, சுரப்பியையும் எடுத்தார்கள். இன்று 18ஆம் நாள். தையல் ஆறிவிட்டது. வலது காம்புக்குப் பின்னால் கட்டியாக இருக்கிறது, தொட்டால் மரத்த மாதிரி. இறுக்கப் பனியன் புழுக்கம் தாங்கவில்லை. ஜூன் 15 கடலுக்குப் போகலாமா? மீன், கருவாடு தின்றால் சீழ் வைக்கும் என்கிறார் அம்மா.
- வாசகர், மண்டபம்

பதில்: இந்தத் தடை திறப்புக்கு நீங்கள் போக வேண்டாம். ஆறு வாரம் என்று கணக்கு வைத்தால் ஜூலை 6 வருகிறது. அதற்குப் பிறகும் உங்கள் அறுவை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சரி என்றால்தான்.

தையல் ஆறியது மேல்தோல் மட்டும். சுரப்பியையும் கொழுப்பையும் எடுத்த இடத்தில், தோலுக்கும் மார்புத் தசைக்கும் நடுவே ஒரு வெற்றிடம் இருக்கிறது. தோல் மெல்ல மெல்லத் தசையோடு ஒட்டித்தான் அது மூடும். வலை இழுக்கும்போது அந்தத் தசையும் வேலை செய்கிறது. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒட்டியது பிய்ந்து, அந்த இடத்தில் நீர் கோக்கும், சில சமயம் ரத்தமும் கசியும். கரையில் என்றால் உடனே ஓடி வரலாம், நடுக்கடலில் என்ன செய்வீர்கள்? அதுவரை 5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள். உட்கார்ந்து வலையைப் பழுது பார்க்கலாம். அதற்காகக் கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும், வலிக்காத அளவுக்கு ஆட்டிக்கொண்டே இருங்கள்.

கட்டியை இப்படிப் பாருங்கள். மல்லாந்து படுத்து இரண்டு விரலை இரு பக்கமும் வைத்து, ஒன்றால் அழுத்துங்கள். பாலிதீன் பையில் தண்ணீர் தளும்புவது போல மற்ற விரலைத் தள்ளினால் நீர்க்கோப்பு. ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம், ஒன்றுக்கு மேற்பட்ட தடவையும் தேவைப்படலாம். புளியங்கொட்டை போலக் கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் உள்தழும்பு. மூன்று முதல் ஆறு மாதத்தில் இளகும். எதுவானாலும் நீங்களே பிசைந்துவிட வேண்டாம், மசாஜ் எப்போது தொடங்கலாம் என்பதை அறுவை செய்தவரிடம் கேளுங்கள். மரத்துப்போனதும் நரம்பு தேறத் தேறச் சரியாகும், சில மாதம் பிடிக்கும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு பக்கம் மட்டும் திடீரென்று புடைத்து விண்விண் என்று வலித்தாலோ, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, தோல் சிவந்து சூடேறினாலோ, சீழ் வடிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அன்றே போங்கள்.

பனியனை இப்போது கழற்றினால் வீக்கம் திரும்ப ஏறும். வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரம் போடச் சொல்வோம். இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்தித் துணி, மடிப்பு விழாமல். உப்புத் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் விறைத்து உரசும், நல்ல தண்ணீரில் அலசுங்கள். மூச்சு முட்டும் அளவுக்கு இறுக்கினால் தோலே புண்ணாகிவிடும்.

பொருக்கு உதிர்ந்து, குழாய் வைத்த ஓட்டையும் முழுக்க மூடும் வரை கடலில் இறங்கக் கூடாது. வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி இருக்கிறது, திறந்த புண் வழியாக ஏறினால் மோசமான தொற்றாகும். தழும்பில் வெயில் பட்டால் கறுத்துவிடும், ஒரு வருடமாவது சட்டையோடு வேலை பாருங்கள். பீடி, சிகரெட் இருந்தால் நிறுத்துங்கள். அது ரத்தக் குழாயைச் சுருக்கி ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

மீனால் சீழ் வைக்காது, கிருமியால்தான் வைக்கும். புண் ஆறப் புரதம் வேண்டும், சூடையும் நெத்திலியும் அதைத்தான் தருகின்றன. இறால், நண்டு தின்றால் முன்பே உங்களுக்கு அரிப்பு வரும் என்றால் மட்டும் விலக்குங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் - அம்மாவுக்கும் பாதி வெற்றி!